பக்கத்தில் ஓர் ஆள்

பிரசவ வார்டில் அவளுக்குப் பெயர் கேள்வியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர்களை எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் சுகாதாரத் துறையில் அவளுடைய வேலை. வந்தவுடன் பார்த்தார்களா, ரத்த அழுத்தம் பார்த்தார்களா, குழந்தையை உடனே மார்பில் போட்டார்களா, மரியாதையாகப் பேசினார்களா. அவள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் எந்த மருத்துவமனை தேறும், எது தேறாது என்று மேலிடத்தில் முடிவு செய்வார்கள்.

பஸ் மாறி பஸ் பிடித்து வந்து சேருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மிச்ச உயிரை வைத்துக்கொண்டு கேட்பாள். பதில் எப்போதும் ஒன்றுதான்.

"நல்லா பாத்துக்கிட்டாங்க."

சுகப் பிரசவம் ஆனவளும் அதைத்தான் சொல்வாள். தையல் பிரிந்து சீழ் வைத்தவளும் அதைத்தான் சொல்வாள். போகப்போக, அவர்கள் வாய் திறப்பதற்குள்ளேயே அவளுடைய பேனா 'ஆம்' கட்டத்தில் போய் நின்றுகொண்டது. பேனாவைக் குறை சொல்வதற்கில்லை. அதுவும் அவளோடு சேர்ந்து வெயிலில் அலைந்ததுதான்.

அவளுக்கு ஒரு தங்கை. ஆடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. அக்கா வாயில்லாப் பூச்சி என்றால், தங்கைக்கு இரண்டு ஆளுக்கான வாய். பஸ்ஸில் வேண்டுமென்றே உரசியவனை அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வைத்தவள். கழிப்பறைக்குப் போய் வந்ததற்கு விளக்கம் கேட்ட சூப்பர்வைசரிடம், "ஏன் சார், நீங்க போகவே மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள். அவள் மாசமானபோது எங்கே பிரசவம் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. மாப்பிள்ளை தனியார் மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி இழுத்தார். அக்காதான் தடுத்தாள்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? பக்கத்துலயே பெரியாஸ்பத்திரி இருக்கு. நான்தான் மார்க் போடுறேன், எனக்குத் தெரியாதா? முதல் இடமே அதுதான்."

தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. உலகத்தில் அவள் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அக்காதான்.

வலி எடுத்த அன்று கேள்வியக்கா வேறோர் ஊரில் இருந்தாள். அம்மாதான் கூடப் போனாள். அவளைப் பிரசவ அறை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே வேறு யாருக்கும் அனுமதியில்லை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள், மூடியதும் உட்கார்ந்தாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலையில் கேள்வியக்கா போனபோது, தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தொட்டாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

தங்கை திரும்பினாள். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நல்லா பாத்துக்கிட்டாங்க."

கேள்வியக்கா அந்தச் சொற்களை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இந்த வாய்க்கு அவை கொஞ்சமும் பொருந்தவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் தங்கை வாயைத் திறந்தாள். பிற்பகல் நேரம். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அக்கா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"தொடையில அடிச்சாங்கக்கா."

அக்காவின் கை நின்றது.

"வலி தாங்கல, கத்துனேன். பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. 'புருஷன்கூடப் படுக்கிறப்ப இப்படித்தான் கத்துனியா?'ன்னு கேட்டாங்க. நான் எத்தனை பேரை வாயடிச்சிருக்கேன்? அப்ப ஒரு வார்த்தை வரலைக்கா. மேல ஒட்டுத்துணி இல்லாமக் கிடக்கிறப்ப வாய் எங்கேருந்து வரும்?"

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் வேற கட்டிலுக்குப் போயிட்டாங்க. தண்ணி கேட்டேன். ஆளில்ல. பாப்பா தலை வெளிய வர்றது எனக்கே தெரியுது. கூப்பிடுறேன், கூப்பிடுறேன், யாரும் வரல. தரை துடைக்கிற அம்மாதான் பாத்துட்டு ஓடிப்போய்ச் சொன்னாங்க. செத்தாக்கூட யாருக்கும் தெரியாமத்தான் சாவோம்போலன்னு நெனச்சேன்."

குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தங்கை சொன்னாள்.

"நீ சொன்னேன்னுதான் அங்க போனேன்."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும்.

பிரசவ அறையின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கேள்வியக்காவுக்குப் பல வருஷப் பழக்கம். வேலை முடிந்ததும் இருவரும் நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து டீ குடிப்பது உண்டு. அவள் தேடிப் போனபோது பெரிய சிஸ்டர் அங்கேதான் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைக் கவிழ்த்த வாளியின் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"வாங்க கேள்வி. டீ சொல்லவா?"

"வேணாம் சிஸ்டர். போன வாரம் என் தங்கச்சிக்கு இங்கதான் குழந்தை பொறந்துச்சு."

"அட, உங்க தங்கச்சியா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லா பாத்திருப்போமே!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

கேள்வியக்கா நடந்ததைச் சொன்னாள். பெரிய சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எந்தப் பொண்ணு? நெட்டையா?"

"குட்டை. நல்லா கணீர்னு பேசுவா."

யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஞாபகம் வரல கேள்வி. அன்னைக்கு ட்யூட்டி நான்தான். அடி விழுந்திருந்தா அது என் கைதான். ஆனா முகம் ஞாபகம் வரல."

இதைவிட அவர் 'நான் அடிக்கவில்லை' என்று சண்டைக்கு வந்திருக்கலாம் என்று கேள்வியக்காவுக்குத் தோன்றியது.

"அன்னைக்கு ஒருத்திக்கு வலிப்பு வந்துச்சு. அது ஞாபகம் இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர். "டாக்டர் ஆபரேஷன்ல இருந்தார். கூட இருக்க வேண்டிய நர்ஸ் லீவு. அவ கட்டிலைவிட்டு விழாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால மருந்து ஏத்துனேன். உங்க தங்கச்சி கூப்பிட்டது அப்பவாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணு பொழைச்சுட்டா."

"சரி சிஸ்டர். அடிச்சது?"

"அது பழக்கம்." பெரிய சிஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நான் வேலைக்கு வந்த புதுசுல என் சீனியர் அடிப்பாங்க. அடிச்சாத்தான் ஒழுங்கா முக்குவாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. என் கையும் அப்படியே பழகிருச்சு. இது நல்லதா கெட்டதான்னு யோசிக்கணும்னா, எங்கயாச்சும் கொஞ்சம் உக்காரணும்ல?"

கேள்வியக்கா எழுந்து வந்துவிட்டாள். திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கட்டிலருகே உட்காருவதை விட்டுவிட்டாள். பெண்கள் வீடு திரும்பிச் சில வாரம் ஆனதும் அவர்கள் வீட்டுக்கே போனாள். சந்து சந்தாக அலைந்தாள். மாடிப்படிகள் முழங்காலைப் பதம் பார்த்தன. ஒரு தெருவில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில், "முடிஞ்ச கதையை ஏம்மா கிளறுறீங்க?" என்று கணவன் கதவைச் சாத்தினான். இன்னொரு வீட்டில் எதைக் கேட்டாலும் மாமியாரே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். 'பிரசவம் உங்களுக்கா ஆச்சு?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மற்ற வீடுகளில் பெண்கள் பேசினார்கள். ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணீர் எதனால் என்று கேள்வியக்காவால் பிரித்தறிய முடியவில்லை. ஒருத்தி, "அடிச்சாங்கதான். ஆனா பிள்ளையை உசுரோட கையில குடுத்தாங்க. போகட்டும்," என்றாள். இன்னொருத்தி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, "இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள்.

எல்லோரிடமும் கடைசியாக ஒன்று கேட்டாள். அலுவலகம் கொடுத்த கேள்விகளில் அது இல்லை. "என்ன இருந்திருந்தா கொஞ்சம் தேவலாம்னு இருந்திருக்கும்?"

டாக்டர், மருந்து, நல்ல மெத்தை என்றெல்லாம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது. "நம்ம ஆளு யாராச்சும் பக்கத்துல இருந்திருக்கலாம்."

அறிக்கையைப் பார்த்ததும் அவளுடைய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது? முதல் இடத்துல இருந்த ஆஸ்பத்திரி திடீர்னு அதலபாதாளத்துக்குப் போயிருக்கு?"

"ஆஸ்பத்திரி இருந்த மாதிரியேதான் இருக்கு சார். நான் கேக்குற இடத்தை மாத்திட்டேன்."

அதிகாரி கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கினார். "இதை மேல அனுப்புனா என்ன ஆகும் தெரியுமா? விசாரணைன்னு நாலு பேர் வருவாங்க. அந்தப் பெரிய சிஸ்டரைத் தூக்கி வேற எங்கயாச்சும் போடுவாங்க. அந்த இடத்துக்கு ஆள் வராது. ஏற்கெனவே ஆள் பத்தல. அப்புறம் இருக்கிற ஒருத்தி தலையில எல்லாம் விடியும். அடி குறையுமா, கூடுமா?"

"அனுப்பலன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

அதிகாரி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அது சத்தம் மட்டும் போட்டது. காற்று வரவில்லை.

"அனுப்பத்தான் போறேன்," என்றார் அதிகாரி. "இத்தனை பொம்பளைங்க சொன்னதை மூடி வைக்க எனக்கும் மனசு வரல. ஆனா அனுப்ப அடுத்த மாசக் கடைசிவரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள அங்க உருப்படியா ஏதாச்சும் ஒண்ணு மாறியிருந்தா அதையும் சேத்து எழுதலாம்."

கேள்வியக்கா மறுபடியும் பெரிய சிஸ்டரிடம் போனாள். பெண்கள் கேட்டதைச் சொன்னாள்.

"ஒருத்தி கத்துறதையே காது தாங்கல," என்றார் பெரிய சிஸ்டர். "இதுல கூட இன்னொருத்தியா? கட்டிலெல்லாம் வரிசையா திறந்து கிடக்கு. ஒருத்தியோட அம்மா உள்ள வந்தா மத்தவங்க மானம் என்னத்துக்கு ஆகும்?"

"மறைப்பு கட்டலாம் சிஸ்டர்."

"யார் கட்டுவா? நீங்களா?"

"நானே கட்டுறேன்."

திரை தைத்துத் தரும்படி தங்கையிடம் கேட்டாள். "அந்த ரூமுக்கு ஒரு தையல்கூடப் போட மாட்டேன்," என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா வற்புறுத்தவில்லை. தரை துடைக்கிற அம்மா, கிழிந்துபோய் ஒதுக்கிய படுக்கை விரிப்புகளைத் தேடியெடுத்துத் துவைத்துக் கொடுத்தார். இருவரும் நாற்காலி மேல் ஏறிக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு விரிப்பில் துவைத்தும் போகாத மருந்துக் கறை திட்டுத்திட்டாக இருந்தது.

"உலக வரைபடம் மாதிரி இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர். "வலி வர்றப்ப எந்த நாடுன்னு கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கலாம்."

அவர் வேடிக்கையாகப் பேசி நெடுநாள் ஆகியிருந்தது.

முதல் நாள் உருப்படவில்லை. உள்ளே வந்த ஒரு மாமியார், பிரசவம் பார்ப்பதே தான்தான் என்பதுபோல் நின்றுகொண்டாள். "முக்கு, இன்னும் முக்கு. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் இப்படி நோகாம பெத்துக்க நெனச்சதில்ல," என்று விரட்டினாள். மருமகள் வலிக்கு அழுததைவிட மாமியாருக்கு அழுததுதான் அதிகம். அடுத்த கட்டிலில், மகள் துடிப்பதைப் பார்த்த ஒரு தாய் மயங்கி விழுந்தாள்.

"பாருங்க கேள்வி, எனக்கு இன்னொரு பேஷண்டும் சேந்தாச்சு!" பெரிய சிஸ்டர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "நாளையிலேர்ந்து கதவைச் சாத்திடுவேன்."

சாத்தவில்லை. யார் உள்ளே வர வேண்டும் என்று வலி எடுத்தவளிடமே கேட்டு முடிவு செய்வது என்று மாற்றினார். மாமியார்கள் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்காக்களும் அம்மாக்களும் பக்கத்து வீட்டுத் தோழிகளும் உள்ளே போனார்கள். தண்ணீர் கொடு, முதுகைத் தேய்த்துவிடு, எதுவும் சரியில்லை என்று பட்டால் என்னைக் கூப்பிடு. அவர்களிடம் பெரிய சிஸ்டர் சொல்வது இவ்வளவுதான்.

ஒருநாள் கேள்வியக்காவும் பிரசவ அறையில் இருந்தாள். ஒரு பெண்ணுக்குச் சிக்கலில்லாமல் ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்தவளுக்குத் தலை இறங்கிவிட்டதால் பெரிய சிஸ்டர் அங்கே ஓடினார். கூட இருந்த நர்ஸ் குழந்தையைத் துடைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் துணையாக வந்திருந்தவள் அவளுடைய நாத்தனார். காய்கறி விற்பவள். தெருக்கோடிவரை கேட்கும் குரல்.

"சிஸ்டர்! இங்க வாங்க! ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

கேள்வியக்கா திரையை விலக்கினாள். விரிப்பு நனைந்து, கட்டில் ஓரமாக ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. படுத்திருந்தவள் முனகக்கூட இல்லை. உதடு வெளுத்திருந்தது. பெரிய சிஸ்டர் அங்கிருந்த பிரசவத்தை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார். அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பிசைந்தார். "ஊசியை எடுங்க! அந்த டிரேல இருக்கு! டாக்டரைக் கூப்பிடுங்க!" கேள்வியக்கா மருந்துத் தட்டை நீட்டிவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். வெறுங்காலில் ஓடுகிறோம் என்பது வராந்தாவின் மறுகோடியில்தான் தெரிந்தது. அவள் டாக்டரோடு திரும்பியபோது, நாத்தனார் அந்தப் பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் திற, என்னைப் பாரு, உன் பிள்ளைக்கு எங்க அண்ணன் மூக்குடி, நல்லவேளை காது உன்னோடது," என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

ரத்தம் நின்றது. உடம்புக்கு ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் அவள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள்.

பெரிய சிஸ்டர் உடை மாற்றும் அறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கேள்வியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ கூப்பிடலன்னா, அடுத்த பிரசவத்தை முடிச்சுட்டுத்தான் நான் திரும்பிப் பாத்திருப்பேன்," என்றார் பெரிய சிஸ்டர். "சத்தமில்லாம படுத்திருக்கா, நல்ல பொண்ணுன்னு நெனச்சிருப்பேன். இத்தனை வருஷமா கத்துறவளைத்தான் கெட்ட பேஷண்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் கேள்வி."

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ட்யூட்டி முடியவில்லை.

அறிக்கை மேலே போனது. பெரிய சிஸ்டரை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. எச்சரிக்கை மட்டும் வந்தது. கூடுதலாக ஒரு நர்ஸ் போடுவதாகச் சொன்னார்கள். அந்த நர்ஸ் இன்னும் வரவில்லை. துணைக்கு ஓர் ஆள் என்ற வழக்கம் நிலைத்தது. அடி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஒருநாள் பெரிய சிஸ்டரின் கை ஓங்கியது. பக்கத்தில் நின்ற பெண் பார்த்த பார்வையில் கீழே இறங்கியது. அதைக் கேள்வியக்காவிடம் அவரே சொன்னார். "யாராச்சும் பாக்குறாங்கன்னாத்தான் கை நிக்குது. எனக்கே வெக்கமா இருக்கு."

குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தங்கை அதே மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. அக்காவும் கூட வந்தாள். வராந்தாவில் பெரிய சிஸ்டர் எதிரே வந்தார்.

"இவதான் சிஸ்டர், என் தங்கச்சி."

பெரிய சிஸ்டர் நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போதும் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை என்பது தெரிந்தது.

"அன்னைக்கு உன்கிட்ட நான் நடந்துக்கிட்டது தப்பும்மா," என்றார். "என்ன கேக்கணுமோ கேளு. நிக்கிறேன்."

தங்கை குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"கேக்கணும்னுதான் சிஸ்டர் இருந்தேன். பாப்பாவைத் தூங்க வைக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். இப்ப எதிர்ல பாத்தா எதுவும் வரல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா எனக்கு ஆறல. ஆறிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்," என்றார் பெரிய சிஸ்டர். குழந்தையின் காலைத் தொடக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, தங்கையைப் பார்த்தார். தங்கை குழந்தையை விலக்கவில்லை. அவர் அந்தச் சின்னப் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் பிரசவ அறைப் பக்கம் நடந்தார்.

ஊசி போட்டதும் குழந்தை மருத்துவமனையே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. இருவரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிழல் இல்லை. தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒருநாள் லீவு போடேன்க்கா. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு."

"நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க இன்னும் கதவைச் சாத்தித்தான் வெச்சிருக்காங்க."

"அங்கயும் நீயே கயிறு கட்டணுமா?"

"ஆமா. நாற்காலி மட்டும் உயரமா இருந்தாத் தேவல."

பஸ் கூட்டமாக வந்தது. கைக்குழந்தையைப் பார்த்து யாரோ தங்கைக்கு இடம் கொடுத்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கண்ணை மூடினாள்.